உறுமி கடந்து வந்த பாதை

2022 ஏப்ரல் 28 அன்று 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கணினி விளையாட்டில் திராவிடர் என்ற பெயரில் தமிழ் பேசும் படை ஒன்று களமிறங்கியது. 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கத்தோடு வந்த அரசு அது. ராஜேந்திர சோழனின் வாழ்க்கை அதில் ஒரு போர்க்கதைத் தொடராக இடம்பெற்றது. கடலுக்குத் திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல் கிடைத்தது. நிலத்துக்கு உறுமி வாள்வீரன் என்ற சிறப்புக் காலாள் கிடைத்தான். வேறு எந்த அரசாலும் இவனைப் பயிற்றுவிக்க முடியாது. கிராமத்து ஆட்களைக் கொண்டு உணவு, மரம், தங்கம், கல் நான்கையும் சேர்த்து, அடுத்தடுத்த காலங்களைக் கடந்து, 650 கல் செலவில் காசில் என்ற கோட்டையைக் கட்டி எழுப்பிய பிறகே அதன் வாசலிலிருந்து இவன் வெளியே வருவான்.

இவன் கையில் இருக்கும் ஆயுதம் மலபாரின் களரி என்ற போர்ப்பயிற்சிக் கூடங்களில் வளர்ந்தது. தமிழகத்துச் சிலம்ப ஆசான்கள் அதைச் சுருள்வாள் என்பார்கள். இடுப்பில் சுற்றிக் கச்சைபோல் கட்டிக்கொள்ளலாம். உருவி வீசினால் வாள். களரிக் குழியிலிருந்து காசில் வாசல்வரை அது வந்த வழியில் அதன் வேலை பலமுறை மாறியிருக்கிறது. உயிர்காக்கும் ஆயுதமாக இருந்தது பாட்டாயிற்று, தடைக்குள்ளானது, மேடைக் காட்சியாயிற்று, சினிமாவாயிற்று, கடைசியில் விளையாட்டின் விதியாயிற்று. இத்தனை இடத்திலும் மாறாமல் கூடவே வந்தது அதைச் சுழற்றும் அசைவு ஒன்றுதான். ஒரு பழம்பொருள் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு உறுமியின் வரலாறு நல்ல பாடம் என்று நான் நம்புகிறேன்.

எஃகு

உறுமியின் உயிர் அதன் தகட்டில் இருக்கிறது. இடுப்பைச் சுற்றி வளைய வேண்டும், விட்டதும் நேராக நிமிர வேண்டும். எஃகு கடினமாக இருந்தால் வளைக்கும்போதே ஒடியும். மென்மையாக இருந்தால் வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தப் பதத்தைக் காய்ச்சியும் தோய்த்தும் மறுபடி இளஞ்சூட்டில் வைத்தும் கொண்டுவருவது கொல்லரின் வித்தை. இன்று உறுமி செய்பவர்கள் ஸ்பிரிங் எஃகுப் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். கொல்லருக்குப் பதம் ஓரளவு ஆயத்தமாகவே கிடைத்துவிடுகிறது.

தென்னிந்தியாவின் எஃகுத் தொழிலுக்கு இதைவிடப் பழைய, இதைவிடப் பெரிய புகழ் உண்டு. நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் தடயம் கிடைத்தது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் எஃகு உருக்கிய குகைகளின் எச்சங்களை ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் அடையாளம் கண்டார். குகை என்பது உருக்குவதற்கான மண்கலம். உமி கலந்து குழைத்த களிமண்ணில் அதைச் செய்வார்கள். உள்ளே இரும்புத் துண்டுகளோடு கரிச்சத்துக்காக மரத்துண்டும் இலையும் இடுவார்கள். ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறித்துவைத்திருக்கிறார்கள். வாயைக் களிமண்ணால் அடைத்து, பல குகைகளை ஒன்றாக உலையில் அடுக்கி, மணிக்கணக்கில் துருத்தி ஊதுவார்கள். ஆறிய பின் குகையை உடைத்தால் கைக்கு அடங்கும் எஃகுக் கட்டி ஒன்று கிடைக்கும்.

அந்தக் கட்டிதான் ஊட்ஸ் என்ற பெயரில் உலகம் சுற்றியது. கோல்கொண்டாப் பகுதியின் எஃகு பாரசீகத்துக்குப் போய் வாளானதை 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே எழுதியிருக்கிறார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஜார்ஜ் பியர்சன் 1795இல் அதைப்பற்றிக் கட்டுரை வெளியிட்டார். மின்சார ஆய்வுக்குப் புகழ்பெறும் முன்பே மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820 வாக்கில் இதே எஃகின் கூறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். விளையாட்டில் திராவிடர் அரசு வந்த இரண்டு வாரத்துக்குள், 2022 மே 9 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்ற கரிமக் கணிப்பு தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

ஊட்ஸ் வெட்டுவாய்க்குப் பேர்போனது. உறுமி வளைவுக்குப் பேர்போனது. இரண்டும் தென்னாட்டுக் கொல்லரின் கைத்திறன் என்பது பொது. எஃகின் குணம் வேறு, வேலை வேறு. இவ்விரண்டையும் ஒரே படையின் கையில் கொடுத்தது பிற்கால விளையாட்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

களரி

களரி என்பது நிலத்தை வெட்டி இறக்கிய பயிற்சிக்கூடம். மரபான அளவு 42 அடி நீளம், 21 அடி அகலம். வாசல் கிழக்கே இருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தரை என்ற வழிபாட்டு மேடை. மாணவர் வலக்காலை வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு வணங்கி, பூத்தரைக்கும் ஆசானான குருக்களுக்கும் வணக்கம் செலுத்திவிட்டுத்தான் உடம்பை அசைக்கத் தொடங்குவார்.

பயிற்சிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மெய்த்தாரி, அதாவது வெறும் உடம்பைப் பழக்குவது. குனிவு, தாவல், காலுயர்த்தல், திரும்பல் எல்லாம் அதில் அடங்கும். அடுத்து கோல்த்தாரி; நெடுங்கோலும் குறுங்கோலும் பழகுவது. மூன்றாவதாக அங்கத்தாரி. வாள், கேடயம், ஈட்டி, கட்டாரம் போன்ற உலோக ஆயுதங்கள் அப்போதுதான் கைக்கு வரும். பிறகு வெறுங்கைப் போர். உறுமி அங்கத்தாரியில் சேர்ந்தது என்றாலும் அதன் முறை எல்லா ஆயுதத்துக்கும் பின்னால்தான் வரும். ஆண்டுக்கணக்கில் உடம்பு பழகாதவர் கையில் குருக்கள் அதைத் தரமாட்டார்.

காரணத்தை அதைச் சுழற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். தகட்டின் நீளம் நான்கு முதல் ஐந்தரை அடி, அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம், இருபுறமும் விளிம்பு. பிடியின் முன்னால் விரல்களைக் காக்க ஒரு காப்பு. மறுகையில் சின்னப் பரிசை. வீரர் முதலில் தகட்டைத் தரையோரம் விட்டு, மணிக்கட்டைத் திருப்பி ஒரு வட்டம் எடுக்கிறார். தகடு காற்றில் நிமிர்கிறது. அதற்குப் பிறகு நிறுத்த முடியாது. தலைக்கு மேல் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு வீச்சிலும் தகடு அவர் முதுகுப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. வேகம் குறைந்தால் அது தொய்ந்து அவர் காலிலேயே விழும். ஆகவே கால்கள் தகட்டோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தாவுவதும் குந்துவதும் சுழல்வதும் தப்பிப்பதற்கான வழிகள். அந்த வாளுக்கு முதல் இலக்கு ஏந்தியவரின் உடம்பு. அந்த உடம்பு அங்கிருந்து விலகிக்கொண்டே இருப்பதால்தான் அடுத்தவரை நோக்கி வீச முடிகிறது.

எதிரிக்குத் தொல்லை வேறு வகை. நேரான வாளைக் கேடயத்தில் தடுத்துவிடலாம். உறுமியைத் தடுத்தால் தகடு கேடயத்தின் விளிம்பில் மடங்கி உட்புறம் அடிக்கும். வட்டத்துக்குள் புகுந்தால்தான் தப்பிக்கலாம். புகுவதற்கோ சுழற்சியில் இடைவெளி வேண்டும். பலர் சூழ்ந்துகொண்டாலும் ஒருவர் தம்மைச் சுற்றி எட்டடி வெளியைக் காலியாக வைத்துக்கொள்ள முடியும். இதுதான் உறுமியின் பலம். தனியாளின் ஆயுதம் அது.

இந்தக் குடும்பத்துக்கு வேறு கிளைகளும் உண்டு. தமிழகத்தில் சிலம்பத்தின் ஆயுத வரிசையில் சுருள்வாள் இருக்கிறது. இலங்கையில் சிங்களவரின் அங்கம்பொறக் கலையில் ஒரே பிடியில் பல தகடுகள் பொருத்திய சுருள்வாள் வழங்குகிறது. எங்கே போனாலும் அடிப்படை அதே சுழற்சிதான்.

பாட்டு

மலபாரில் வயலில் நடவு செய்த பெண்கள் பாடிய வடக்கன் பாட்டுகள் உறுமிக்கு முகம் கொடுத்தன. புத்தூரம் வீட்டு உண்ணியார்ச்சை அந்தப் பாட்டுகளின் நாயகி. அல்லிமலர்க்காவுக் கூத்து பார்க்கக் கணவனோடு புறப்பட்டுப் போகிறாள். வழியில் நாதாபுரத்தில் ஒரு முரட்டுக்கூட்டம் மறிக்கிறது. கணவன் நடுங்குகிறான். அவள் அரையில் கட்டியிருந்த உறுமியை உருவி அத்தனை பேரையும் எதிர்கொள்கிறாள்.

பாட்டு உறுமியின் இயல்பைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆயுதமில்லாதவள்போல் தெரியும் ஒருத்தி, சூழ்ந்துகொள்ளும் பலர், தப்ப வழியில்லாத தெரு. உறுமிக்கு இதைவிடப் பொருத்தமான சூழல் கிடையாது. அந்தச் சமூகத்தின் போர்முறையும் தனியாள் போரைச் சார்ந்தே இருந்தது. பிரபுக்களின் வழக்கைத் தீர்க்கச் சேகவர்கள் என்ற வீரர்கள் அங்கத்தட்டு என்ற போர்மேடையில் ஏறி ஒருவரோடொருவர் பொருதினார்கள். உண்ணியார்ச்சையின் அண்ணன் ஆரோமல் சேகவர் அப்படி ஓர் அங்கத்துக்குப் போய்த்தான் வஞ்சகத்தால் உயிரிழந்தார் என்று பாட்டு சொல்கிறது. கூட்டமாக அணிவகுத்து நிற்கும் படைக்கும் இந்த வீரர்களுக்கும் தூரம் அதிகம்.

படை

அப்படியானால் விளையாட்டு காட்டும் சோழர் படையில் உண்மையில் யார் இருந்தார்கள்? கல்வெட்டுகள் பெயர் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்துப் படைப்பிரிவுகள் அரசனின் பட்டப்பெயரைத் தாங்கி வரிசையாக வருகின்றன. வேளைக்காரர், கைக்கோளர், வில்லிகள், ஆனையாட்கள், குதிரைச் சேவகர் என்று பிரிவுகள் உண்டு. 'தெரிந்த' என்ற அடைமொழியோடு வருபவை பொறுக்கி எடுத்த சிறப்புப் படைகள். கோயிலின் கொடைகளோடும் இந்தப் பிரிவுகளுக்குத் தொடர்பு இருந்தது. போருக்குப் போவதோடு அவர்கள் வாழ்க்கை முடிந்துவிடவில்லை.

இவர்களில் வேளைக்காரரின் கதை தனித்தது. அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்த படையாக அறிஞர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள். இலங்கையிலும் அவர்கள் பணியில் இருந்தார்கள். சோழர்மேல் படையெடுத்துப் போகும்படி இலங்கை மன்னர் முதலாம் விஜயபாகு கட்டளையிட்டபோது மறுத்துக் கிளர்ந்தார்கள் என்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. அவர் காலத்துக்குப் பின், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொலன்னறுவையில் புத்தரின் பல்லை வைத்திருந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்று அதே வேளைக்காரர் தமிழில் ஒரு கல்வெட்டு பொறித்தார்கள். இன்றும் அதைப் பொலன்னறுவையில் காணலாம்.

தோளோடு தோள் நின்று முன்னேறும் இத்தகைய படைக்கு உறுமி பொருந்தாது. பக்கத்தில் நிற்பவர் சொந்த ஆள். தகட்டுக்கு அது தெரியாது. அணியில் நிற்பவருக்கு வேண்டியவை ஈட்டி, குறுவாள், கேடயம், வில். ஆகவே உறுமி ஏந்திய சோழப்படை என்பது விளையாட்டு வடிவமைப்பாளரின் கற்பனை. ஆனாலும் அந்தக் கற்பனைக்குக் கீழே ஒரு வரலாற்று இழை ஓடுகிறது. 11-ஆம் நூற்றாண்டில் சேரரும் சோழரும் நடத்திய நெடும்போரின்போதுதான் களரிப் பயிற்சி மலையாள நாட்டில் பரவலாயிற்று என்று வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன்பிள்ளை கருதினார். நூற்றாண்டுப் போர் என்ற அவரது கருத்தை எம்.ஜி.எஸ். நாராயணன் பின்னர் மறுத்தார். முதல் கருத்தை ஏற்றால், சோழரை எதிர்க்க வளர்ந்த கலையின் வாள் கடைசியில் சோழரின் திரைப்படையிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

தடையும் மேடையும்

உறுமி அழிந்துபோயிருக்க வேண்டிய காலமும் ஒன்று வந்தது. வயநாட்டுக் காடுகளில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய பழசி ராஜா 1805 நவம்பர் 30 அன்று வீழ்ந்தார். அதன்பின் மலபாரில் ஆயுதம் வைத்திருப்பதும் ஏந்தி நடப்பதும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. துப்பாக்கி ஏற்கெனவே வாளின் வேலையைப் பறித்திருந்தது. களரிகள் ஒவ்வொன்றாக மூடின. எஞ்சியவை சில குடும்பங்களின் முற்றத்தில், உழிச்சில் என்ற எண்ணெய் தடவும் வைத்தியத்தின் துணையோடு, கோயில் சடங்குகளின் நிழலில் பிழைத்துக்கிடந்தன.

ஏட்டில் எழுதிவைத்து இந்த வித்தையைக் காப்பாற்ற முடியாது. பயிற்சியை நடத்தும் வாய்த்தாரி என்ற வாய்க்கட்டளையை எழுதலாம், அடவின் பெயரை எழுதலாம். தகடு முதுகைத் தாண்டி வரும்போது தோள் எவ்வளவு சாய வேண்டும் என்பதை எழுத முடியாது. அது ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மட்டுமே போகும். ஒரு தலைமுறை பழகாமல் விட்டிருந்தால் அருங்காட்சியகத்தில் நெளிந்த தகடுகள் இருந்திருக்கும், உறுமி இருந்திருக்காது.

தலைச்சேரி வட்டாரத்தில் அந்தத் தொடர்ச்சியைக் காத்தவர் கோட்டைக்கல் கணாரன் குருக்கள். பல களரிகளுக்கும் நடந்து, அறிந்தவர்களிடமெல்லாம் கற்று, சிதறிக்கிடந்ததைச் சேர்த்தவர் அவர். அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயர் களரிப்பயிற்றை ஊர் ஊராக மேடையேற்றினார், 1944இல் காலமானார். 1949இல் வடகரையில் ராகவன் குருக்கள் கடத்தநாடன் களரி சங்கத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின் அதை நடத்திவந்த அவர் மனைவி மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டிய அவர் சேலையை வரிந்து கட்டி ஆயுதப் பயிற்சி செய்யும் காட்சியை நாடே பார்த்து வியந்தது.

மேடைக்கு வந்ததும் உறுமியின் வேலை மாறியது. கொல்ல வேண்டியதில்லை, கண்ணைப் பறிக்க வேண்டும். நிகழ்ச்சியின் உச்சமாக அதை வைத்தார்கள். பார்வையாளரைச் சில அடி பின்னால் தள்ளி உட்காரச் சொல்வார்கள். தகடு காற்றைக் கிழிக்கும் ஒலி எழும்பியதும் கூட்டம் அடங்கும். தகடுகள் மோதும் இடத்தில் பொறி பறக்கும். ஆயுதத்தின் நோக்கம் போய்விட்டது, ஆனால் அசைவு முழுதாக மிஞ்சியது. அதைச் செய்பவரின் ஆபத்தும் முழுதாக மிஞ்சியது. மேடையில் தவறினாலும் வெட்டு வெட்டுதான்.

சினிமா அதன் அடுத்த வண்டி. வடக்கன் பாட்டுக் கதைகளைப் பல ஆண்டுகளாகவே மலையாளத் திரையுலகம் எடுத்துவந்தது. 1961இல் குஞ்சாக்கோவின் 'உண்ணியார்ச்சை', 1989இல் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுத்தில் 'ஒரு வடக்கன் வீரகாதை' வெளிவந்தன. 2011இல் சந்தோஷ் சிவன் இயக்கிய படத்துக்கு 'உறுமி' என்றே பெயர். தமிழிலும் அது வெளியானது. மலையாளம் தெரியாதவர்களுக்கும் அந்த வாளின் பெயர் பழக்கமானது அப்படித்தான்.

திரை

கணினி விளையாட்டுக்குள் உறுமி நுழைந்தது 'உறுமி' படத்துக்கும் முன்னால். 2007இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' விளையாட்டுக்கு 'தி ஏசியன் டைனஸ்டீஸ்' என்ற விரிவாக்கம் வந்தது. அதில் இந்தியருக்கு உறுமி வீரர்கள் கிடைத்தார்கள். அவர்களைக் களத்தில் பயிற்றுவிக்க வழியில்லை. தாய்நகரிலிருந்து அனுப்பும் உதவியாக மட்டும், குறைந்த எண்ணிக்கையில் வந்து சேர்வார்கள். அரிதானவர்கள், விலைமதிப்பானவர்கள். பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு ஒருவர் இருவருக்கே கைவரும் ஆயுதத்துக்கு அந்த ஏற்பாடு பொருத்தமாகவே இருந்தது.

இடைக்காலத்தைக் களமாகக் கொண்ட இரண்டாம் விளையாட்டின் கதை வேறு. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கிய அது 1999இல் வெளிவந்தபோது 13 அரசுகள் இருந்தன. இந்தியத் துணைக்கண்டத்துக்கு இடமே இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே உருவாக்கிய ஒரு விரிவாக்கம் 2013இல் அதிகாரப்பூர்வமாகி, 'இந்தியர்' என்ற ஒற்றை அரசைக் கொண்டுவந்தது. துருக்கிய வழி வந்த டெல்லிச் சுல்தான்களும் கடல் கடந்த சோழர்களும் வங்கத்துப் பாலர்களும் ஒரே பெயருக்குள் அடைபட்டார்கள். 2022 விரிவாக்கம் அதைப் பிரித்தது. இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்கு அரசுகள் ஆயின.

திராவிடருக்குக் கனரகக் குதிரைப்படையான நைட் கிடையாது. இந்த முடிவுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. தென்னாட்டில் நல்ல குதிரை வளர்வதில்லை. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்ததையும், அவற்றுக்கு அரசர்கள் கொட்டிக்கொடுத்ததையும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். குதிரை இல்லாத இடத்தைக் காலாளும் யானையும் கப்பலும் நிரப்ப வேண்டும். விளையாட்டிலும் அப்படியே. ஆகவே உறுமி வீரன் அந்தப் படையின் அலங்காரமாக நின்றுவிட முடியாது; சுமையையும் அவன் தாங்க வேண்டியிருக்கிறது.

அவனுக்கு வடிவமைப்பாளர்கள் கொடுத்த விதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அவனுக்கு உயிர்ப்பட்டையோடு இன்னொரு பட்டையும் உண்டு. அது நிறைந்திருக்கும்போது அவன் அடிக்கும் முதல் அடி கூடுதல் பலத்தோடு விழும்; எதிரே நிற்பவனோடு, சுற்றி நிற்கும் பகைவர்களையும் தாக்கும். அடித்ததும் பட்டை காலியாகும். மெல்ல நிறையும்வரை அவன் சாதாரண வாள்வீரன். இப்படிச் சேமித்து அடிக்கும் முறையை 2021இல் பர்கண்டியர் என்ற அரசின் குதிரைவீரனுக்கு முதலில் கொடுத்தார்கள். அதைச் சுற்றிலும் பரவும் அடியாக்கி உறுமிக்குப் பொருத்தினார்கள்.

களரியை அறிந்தவர் இதில் உறுமியை அடையாளம் கண்டுகொள்வார். சுழற்சியில் வேகம் சேர்கிறது. சேர்ந்த வேகம் ஒரு வட்டமாகப் பாய்கிறது. தடைப்பட்டால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். எண்களால் மட்டுமே பேசத் தெரிந்த ஓர் இயந்திரத்துக்கு இந்த ஆயுதத்தின் குணத்தை எடுத்துச்சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. ஆடுபவரும் அதற்கேற்ப யோசிக்கப் பழகுகிறார். கூட்டமாக வரும் ஈட்டிப்படைக்குள் பட்டை நிறைந்த வீரர்களைச் சேர்த்து விட வேண்டும். அடித்ததும் பின்வாங்க வேண்டும். தொலைவிலிருந்து எய்யும் வில்லாளிகளிடம் மாட்டக் கூடாது. வட்டத்துக்குள் வராத எதிரியிடம் உறுமிக்குப் பலமில்லை என்பது களரியிலும் உண்மை.

கடைசிக் காலத்தை எட்டினால் ஊட்ஸ் எஃகு என்ற ஆராய்ச்சி திறக்கும். அதன்பின் திராவிடரின் காலாளும் குதிரைவீரரும் அடிக்கும் அடி எதிரியின் கவசத்தைக் கணக்கில் கொள்ளாது. தலையிலிருந்து கால்வரை இரும்பு போர்த்த டியூட்டானிக் நைட் கூட அந்த அடிக்கு முன் வெற்றுடம்போடு நிற்பவராகிவிடுவார். கொடுமணலின் உலையையும் வடகரையின் களரியையும் ஒரே வாள்வீச்சில் சேர்த்தது இந்த விதி. வரலாற்றுக்கு அது நேரல்ல. அதற்குள் இருக்கும் மரியாதை மெய்யானது.

இத்தனையும் எடுத்துக்கொண்ட விளையாட்டு ஒன்றை விட்டுவிட்டது. உறுமி வீரனின் பரவும் அடி சொந்தப் படையைத் தொடாது. இதே விளையாட்டில் கல்லெறி பொறியின் கல் தவறி விழுந்தால் நம் ஆட்களே சாவார்கள். ஆடுபவர் எல்லோரும் ஒருமுறையாவது அந்த இழப்பைப் பட்டிருப்பார்கள். உறுமிக்கு அந்த விதி இல்லை. நாற்பது பேர் நெருக்கியடித்துச் சுழற்றினாலும் ஒருவர் மேலும் கீறல் விழாது. ஆடுவதற்கு அது வசதி. ஆனால் களரியில் உறுமி கடைசியாகக் கைக்கு வருவதற்குக் காரணமே அந்த ஆபத்துதான். ஏந்தியவரையே முதலில் வெட்டக்கூடிய வாள் என்பதால்தான் அதற்குமுன் இத்தனை ஆண்டு வணக்கமும் அடவும் எண்ணெய்க் குளியலும் தேவைப்படுகின்றன. காசில் வாசலில் சில நொடியில் பிறக்கும் வீரனுக்கு அந்த ஆண்டுகள் கிடையாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாட்டு உறுமியின் துணிவை எடுத்துக்கொண்டது, மேடை அழகை, சினிமா பெயரை, விளையாட்டு விதியை. எந்த ஊர்தியும் ஒரு பொருளை முழுதாக ஏற்றிச்செல்வதில்லை. பிரேசிலிலோ சீனாவிலோ ஒரு சிறுவன் இன்று உறுமி வாள்வீரனைத் தேர்ந்தெடுத்து, அவன் தமிழில் பதில் சொல்வதைக் கேட்கிறான் என்றால் அது பெரிய காரியம். அவன் அந்த வாளைப்பற்றி மேலும் தேடினால், மீனாட்சி அம்மாவின் களரிவரை வந்து சேரலாம். அங்கே விளையாட்டு விட்டுவிட்டதைப் பார்க்கலாம்.

என் மனத்தில் நிற்கும் கேள்வி வேளைக்காரர்பற்றியது. சோழர் படையில் உறுமி அணி இருந்ததில்லை, வேளைக்காரர் இருந்தார்கள். கல்லில் பெயர் இருக்கிறது, சூளுரை இருக்கிறது, மறுப்பும் கிளர்ச்சியும் இருக்கின்றன. இருந்தும் திராவிடரின் சிறப்புக் காலாளைத் தேடியவர்கள் உறுமியை எடுத்தார்கள். ஏன் என்பது விளங்குகிறது. உறுமியைப் பார்க்க முடியும். கணாரன் குருக்கள் முதல் இன்றைய மாணவர்வரை யாரோ ஒருவர் அதைச் சுழற்றிக்கொண்டே இருந்ததால், தொலைதேசத்து வடிவமைப்பாளரின் கண்ணிலும் அது பட்டது. வேளைக்காரரின் நடையையும் நிலையையும் ஆயுதப்பிடியையும் யாரும் காட்டவில்லை. அவர்கள் எழுத்தாக மட்டும் எஞ்சினார்கள். எழுத்தைப் படிக்க அறிஞர் வேண்டும். அசைவைப் புரிந்துகொள்ளக் கண் போதும்.

ஆகவே இதில் நமக்கு வேலை இருக்கிறது. சிலம்ப ஆசான்கள் அணிப்போரின் அடவுகளை நினைவில் வைத்திருக்கிறார்கள். கோயில் சிற்பங்களிலும் வீரக்கற்களிலும் வாளும் கேடயமும் ஏந்திய நிலைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்வெட்டறிஞர்கள் படைப்பிரிவுகளைத் தொகுத்திருக்கிறார்கள். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் தேர்ந்த தமிழ் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நான்கும் ஒரு மேசையில் சேர்ந்தால் வேளைக்காரருக்கு உடம்பு கிடைக்கும். எத்தனை வேகம், என்ன ஆயுதம், யாரிடம் பலவீனம், அரசன் பக்கத்தில் நிற்கும்போது எவ்வளவு பலம் கூடும் என்பதையெல்லாம் நாமே முடிவுசெய்யலாம். உறுமியை உலகத்திடம் கொண்டுசேர்த்தவர்கள் பிறர். வேளைக்காரரை நாம் கொண்டுசேர்க்க வேண்டும்.